பக்கிளுக்குக் கை வைக்க வேண்டாம்

குஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நம் தொழிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. நாம் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'முடியாது' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பஸ் சீட்டா, முச்சக்கர வண்டி ஹூடா, பல் டாக்டரின் நாற்காலியா, கல்யாண மேடைக்குப் போகும் சோபாவா, எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு "விட்டுட்டுப் போங்க" என்போம். வேறு யாரும் கைவைக்க மாட்டேன் என்றதைத்தான் நம்மிடம் கொண்டுவருகிறார்கள். அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு, வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காகவே நானும் மாத்தளை டவுனில் என் வாழ்நாளைக் கழித்தேன்.

ரெக்சின் வெட்டுவது, நூல் தெரிந்தெடுப்பது, தையலை நேராக ஓடவிடுவது இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் படிக்கப் போவதில்லை. கை தானாகப் படித்துக்கொள்ளும். ஊசி விரலில் ஏறினால் இன்னும் சீக்கிரமாகப் படிக்கும். நான் பேச வந்தது ஒரே ஒரு பொருளைப் பற்றி. பேபி சீட். காரில் பின் சீட்டின் மேல் வைத்து, வாகனத்தின் பெல்ட்டால் கட்டி, கைக்குழந்தையை உட்காரவைக்கிற அந்தச் சின்ன சீட்.

நான் கடை போட்ட காலத்தில் அப்படி ஒன்றை மாத்தளையில் யாரும் தேடியதில்லை. பிள்ளை தாயின் மடியில், தாய் முன் சீட்டில். அதுதான் பாசம் என்று நினைத்தோம். இப்போது ஜப்பானிலிருந்து பழைய கார் வருவது போலப் பழைய பேபி சீட்டும் வருகிறது. வாங்கியவர்கள் நேராக உங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். துணி அழுக்கு, கழுவி மாட்டுங்கள் என்பார்கள். செய்யுங்கள். ஸ்பொஞ்ச் போதாது, இன்னும் போடுங்கள் என்பார்கள். பெல்ட் அறுந்துவிட்டது, தையுங்கள் என்பார்கள். இந்த இரண்டுக்கும் ஊசியைக் கீழே வையுங்கள்.

கலேவெலயிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். புத்தம் புது பேபி சீட். பிள்ளையின் முதுகுக்கு அது கடினமாக இருக்கிறதாம், தடிப்பாக ஒரு மெத்தை தைத்து, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தரவேண்டுமாம். நான் மறுத்தேன். மெத்தை தடித்தால் பெல்ட் இறுகியது போலத்தான் தெரியும், ஆனால் அடி விழும் நேரத்தில் ஸ்பொஞ்ச் அமுங்கிவிடும், பெல்ட் தொளதொளத்துப் போகும், பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிவிடும் என்று சொன்னேன். சீட்டோடு சேர்ந்து வந்த மெத்தையைத் தவிர வேறொன்றும் வைக்கக்கூடாது என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க குஷன் பாஸா, டாக்டரா?" என்று கேட்டார். நம் ஊரில் கைத்தொழில்காரனை 'பாஸ்' என்றுதானே கூப்பிடுவார்கள். கடையில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் என்னை 'டாக்டர் பாஸ்' என்றே கூப்பிட்டார்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தவர் ஓர் இன்ஷுரன்ஸ் இன்ஜினியர். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி மாத்தளைக்கு வந்தவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. விபத்தில் அடிபட்ட வாகனங்கள் சீட் வேலைக்காக நம் கடைக்கு வந்தால் அவரும் பின்னாலேயே வந்துவிடுவார். ஆள் உட்கார்ந்திருந்த சீட்டின் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பெருவிரலால் தடவிக்கொண்டே போவார். வளையத்துக்குள் ஓடிய ஓர் இடத்தில் நூல் உருகி மினுங்கும். அங்கே நிறுத்துவார்.

"தம்பி, இது தன்ரை வேலையைச் செய்து முடிச்சிட்டுது. இனி இதை நம்பி ஆளை இருத்தேலாது" என்பார்.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் வாதாடுவேன். முழுப் பாரத்தையும் ஒரு முறை தாங்கிய பெல்ட் உள்ளுக்குள் இழுபட்டுப் போயிருக்கும், அடுத்த முறை தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்ல முடியாத ஒன்றை வாகனத்தில் வைத்திருக்கக்கூடாது என்று பொறுமையாக விளக்குவார். கழற்று, வெட்டு, வெட்டியதைக் கண்காணாமல் எறிந்துவிடு என்பார். முழுசாக எறிந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டுபோய் இன்னொரு வாகனத்தில் மாட்டிவிடுவார்களாம். பேபி சீட்டுக்கும் அதே சட்டம்தான், இன்னும் கடுமையாக என்றார். அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

யட்டவத்தயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற ஒரு வியாபாரி இருந்தார். நான் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய லொறி சீட்டிலிருந்து வீட்டு சோபா செட்டி வரைக்கும் எல்லாம் என் தையல். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் டவுனுக்கு வந்தால் என் கடையில் ஏறுவார். பால் விடாத தேத்தண்ணி, ஒரு பிளேன்டி குடித்து, என் தையலில் ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பெருநாளைக்கு அவர் வீட்டு வட்டலப்பம் எனக்கு வரும், தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு அவருக்குப் போகும். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனால் என்னோடு சரிக்குச் சரி கேலி பேசுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவருக்கு ரியாஸ் என்று ஒரு மகன். தனக்குப் பெண் பிள்ளை பிறந்ததும் ரியாஸ் கொழும்பிலிருந்து ஒரு பேபி சீட் வாங்கிவந்தான். யட்டவத்தயில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. ஹாஜியாரே என் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தாய் இருக்க, மடி இருக்க, பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கொண்டு போகிறானாம் என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. ரியாஸ் யாருக்கும் பதில் சொல்ல மாட்டான். பிள்ளையை உட்காரவைத்து, பெல்ட்டின் பூட்டான பக்கிளை 'டக்' என்று பூட்டி, பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பான்.

ஒரு நாள் நாவுலயில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, எதிரே வந்த லொறி பாதை விலகி அவர்கள் காரில் மோதியது. ரியாஸ் அந்த இடத்திலேயே போய்விட்டான். அவன் மனைவிக்குக் கால் முறிந்தது. பின் சீட்டில் இருந்த பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஓடிவந்தவர்களுக்கு அந்த பக்கிளை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. பிள்ளை வீறிட்டுக் கத்துகிறது. யாரோ ஒருவர் கத்தியால் பெல்ட்டுகளை அறுத்துப் பிள்ளையை வெளியே எடுத்தார். அந்த மனிதருக்குப் புண்ணியம்.

உடைந்த கார் என்ன ஆனதென்று ஹாஜியார் விசாரிக்கவில்லை. அந்த பேபி சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், ரியாஸின் அறையில் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். பிறகும் என் கடைக்கு வருவார், பிளேன்டி குடிப்பார். என் தையலில் குற்றம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. நல்லபடியாக வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய சட்டையை வாங்கித்தானே பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுகிறோம்? அந்த ராசி இந்தப் பிள்ளைக்கும் வரட்டும் என்று. அந்த பேபி சீட்டுக்கும் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றிய சீட், பறக்கத்தான, ஆசீர்வாதமுள்ள சீட். இரண்டு மூன்று வீடுகளிலிருந்து இரவல் கேட்டு ஆள் வந்ததாம். ஹாஜியார் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ரியாஸின் தங்கை ரிஸ்வானா அப்போது கர்ப்பமாக இருந்தாள். அவளுடைய பிள்ளைக்குத்தான் அது என்று சொல்லிவிட்டார்.

ரிஸ்வானாவுக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலை, நாங்கள் அப்போதுதான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறோம், ஹாஜியார் வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினார். சீட்டின் மேலுறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்கள். லேசாக அத்தர் வாசம் வந்தது. அறுந்த பெல்ட் நுனிகள் இரண்டு பக்கமும் தொங்கின. நடுவில் பக்கிள் மட்டும் பூட்டினபடியே இருந்தது.

"செல்வம், இத இன்டைக்கே தைக்கோணும். பின்னேரம் ரிஸ்வானாவ விடுற" என்றார். பிறகு பக்கிளைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குக் கை வெக்க வாணாம். இதக் கழட்டாமத் தைங்க."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வியாபாரிகள் இப்படித்தான், சாமானைக் கொடுத்துவிட்டு வேலையும் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கி மற்றக் காதால் விட்டுவிட்டேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேலைக்குக் கொண்டுவருகிறவர் சொல்கிறதில் எது நமக்கு முட்டாள்தனமாகப் படுகிறதோ, அங்கேதான் நின்று கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை.

மேலுறையை மெதுவாக உருவினேன். அடியில் இருந்த வெள்ளை ஃபோம் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. பிளாஸ்டிக் உடம்பில், பெல்ட் நுழைகிற துவாரத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு மேலே ஓடியிருந்தது. பெல்ட்டைத் தடவிக்கொண்டே போனேன். இன்ஜினியர் காட்டித் தந்த அதே மினுக்கம்.

"ஹாஜியார், இது இனி ஆகாதுங்க. பெல்ட்டு மட்டும் இல்ல, ஒடம்பே விட்டுப்போச்சு. தைச்சா புதுசு மாதிரி தெரியும், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார். "அந்த அடிக்கே ஒடையாத சீட்டு, இனியா ஒடையப் போவுது?" என்றார்.

அன்று உடையாமல் நின்றதால்தான் இனி நிற்காது என்று சொன்னேன். யட்டவத்த எவ்வளவு தூரம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று கேட்டார். தூரத்தைக் கேட்டுக்கொண்டா லொறி வருகிறது என்று என் வாயில் வந்துவிட்டது. சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் அவனப் பாத்துச் சிரிச்ச, செல்வம். உங்களுக்குத் தெரியுந்தானே. புள்ளயக் கட்டிப் போட்டுக் கொண்டு போறியான்டு கேட்ட. இந்தப் புள்ளய நான் மடியில வெச்சிக் கொண்டு போக மாட்டேன். அவன்ட சீட்டுலதான் கொண்டு போவேன்."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முடியாது என்றால் அவர் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் நிலையத்துப் பக்கம் இன்னொரு கடை இருக்கிறது. அங்கே ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போலத்தான், 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பச்சை மண் இந்த உடைந்த ஓட்டுக்குள் கட்டப்பட்டு வீதியில் போகும். மறுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியையும் செய்தாகவேண்டும் என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுத்தேன்.

"விட்டுட்டுப் போங்க ஹாஜியார். மத்தியானம் பார்ப்போம்" என்றேன். தைக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார், விளங்கிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். படியிறங்கும்போது திரும்பி அந்த சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பக்கிளின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் காது கொடுக்கவில்லை. பெல்ட்டுகளை உருவித் துண்டு துண்டாக வெட்டினேன். வாளை எடுத்து பிளாஸ்டிக் உடம்பை இரண்டாக அறுத்தேன். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன். நகரசபைக் குப்பை டிரக்டர் வாசலில் வந்து நின்றதும் நானே தூக்கிப் போட்டேன். கண்காணாமல் எறி என்று சொல்லித் தந்திருந்தார்கள் அல்லவா, அதை அச்சொட்டாகச் செய்தேன்.

பிறகு டவுனில் பிள்ளைச் சாமான் விற்கிற கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பெரிய சீட் ஒன்றைக் காட்டி, நாலு வயது வரைக்கும் பாவிக்கலாம், லாபம் என்றார். அது முன்பக்கம் பார்த்து உட்காருகிற பிள்ளைக்கு. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. தலைதான் உடம்பிலேயே பாரம். வாகனம் சடாரென்று நின்றால் அந்தத் தலை முன்னே எறியப்படும். அதனால் பின்பக்கம் பார்த்து, சாய்ந்து படுக்கிற சீட்தான் வேண்டும், அப்போதுதான் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் பதியும். அப்படி ஒன்று மூலையில் தூசி படிந்து கிடந்தது. பெட்டி பிரிக்காதது. பிளாஸ்டிக்கில் பதித்திருந்த முடிவுத் திகதியைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஹாஜியாரின் வேனில் பின்னால் சீட் பெல்ட்டே கிடையாது. பெல்ட் இல்லாத வாகனத்தில் எவ்வளவு நல்ல பேபி சீட்டும் வெறும் நாற்காலிதான். ஆகையால் மருமகனுக்கு, அதாவது ரிஸ்வானாவின் கணவருக்குப் போன் போட்டு, அவருடைய காரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். புதிதாக இறக்கின கார், சீட்டுகளின் பொலிதீன்கூடப் பிரிக்கவில்லை. நம் ஆட்கள் பொலிதீனைக் கழற்ற மனசு வராமல் அதன் மேலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கூட்டம். அதற்கு மேல் வைத்தால் பேபி சீட் வழுக்கும். நான் பின் சீட்டுப் பொலிதீனைப் பிடித்து ஒரே இழுவையில் கிழித்தேன். அந்த மனிதர் தன் தோலையே உரித்தது போலத் துடித்துப்போனார்.

முன் சீட்டில் வைக்கலாமே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாமே என்று கேட்டார். முன்னால் காற்றுப் பை இருக்கிறது, அது வெடித்துத் திறந்தால் பின்பக்கம் பார்த்திருக்கிற பிள்ளையின் தலைக்குப் பின்னால்தான் அறையும் என்றேன். பின் சீட்டில் வைத்து, முழங்காலால் அழுத்தி, கார் பெல்ட்டை இறுக்கினேன். இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அந்த நேரம்தான் ஹாஜியார் வந்தார். கடைக்குப் போயிருக்கிறார். பாஸ் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க அது?"

"வெட்டிட்டேன் ஹாஜியார்."

வாசலில் வேன்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பக்கிளயும் கழட்டினீங்களா?" என்று கேட்டார்.

"கழட்டாம எப்படிங்க வெட்டுறது?" என்றேன். வேலைத்தலத்தில் பேசுகிற மாதிரி, சாதாரணமாக. நினைக்கும்போது இப்போதும் என் நாக்கை இழுத்து வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கிட்ட ஒரு சொல்லு சொல்லீக்கலாமே" என்றார்.

அதற்குள் ரிஸ்வானா பிள்ளையோடு வந்துவிட்டாள். கூட அவளுடைய உம்மா, ஹாஜியாரின் மனைவி. பிள்ளையைக் கம்பளியில் பொட்டலமாகச் சுற்றியிருந்தார்கள். கம்பளியைக் கழற்றினால்தான் பெல்ட் உடம்போடு ஒட்டும் என்று சொல்லி, பிள்ளையை மெல்லிய சட்டையோடு சீட்டில் வைக்கச் சொன்னேன். தோள் மட்டத்திலிருந்து பெல்ட் இறங்கவேண்டும், விரலால் கிள்ளினால் பெல்ட்டில் மடிப்பு வரக்கூடாது, இறுக்கிய பிறகு கம்பளியை மேலே போர்த்தலாம் என்று ரிஸ்வானாவுக்குக் காட்டினேன். அவளுடைய உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்பது நாள்கூட முடியாத பிள்ளையை இப்படி இறுக்குவதா, கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். மருமகனும் மாமியாருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். எனக்கு அங்கே என்ன உரிமை? நான் சீட் தைக்கிறவன்.

ஹாஜியார்தான் பேசினார். "மடி வாணாம். அதுல வைங்க" என்றார்.

உம்மா நீட்டின கையை இழுத்துக்கொண்டார். ரிஸ்வானா பக்கிளைப் பூட்டினாள். ஹாஜியார் முன்னால் ஏறி உட்கார்ந்தார், என் பக்கம் திரும்பவில்லை. கார் போனது. யட்டவத்த போய்ச் சேரும் வரைக்கும் ஒரு சைக்கிள்கூடக் குறுக்கே வரவில்லை என்று மருமகன் பிறகு போனில் சொன்னார். பிள்ளை நல்ல தூக்கமாம்.

நம் வேலையின் கொடுமை இதுதான். ஒன்றும் நடக்கவில்லை. நான் செய்தது சரியென்று சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. அந்தப் பழைய சீட்டில் போயிருந்தாலும் பிள்ளை அப்படியே தூங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும். என் கையில் மிஞ்சினது என்னவென்றால், ஒரு தகப்பன் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்ததை வாங்கி வாளால் அறுத்த கணக்குத்தான்.

ஹாஜியார் அதற்குப் பிறகு என் கடையில் ஏறவில்லை. அவருடைய லொறி சீட்டுகள் வேறு கடைக்குப் போயின. நான் ஒரு முறை யட்டவத்தவுக்குப் போனேன். உட்காரவைத்தார், பிளேன்டி கொடுத்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எல்லாம் மரியாதையாக. என்னைக் கேலி செய்ய அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து அவர் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. சாவு வீட்டுக்குப் போய், கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன். அவரோடு பேசி முடிக்கவேண்டிய ஒன்று அப்படியே கிடக்கிறதே என்று வழிநெடுக அழுகை வந்தது.

நான் கடையை மற்றவர்கள் கையில் கொடுத்து வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் ரிஸ்வானா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் அந்தப் புது பேபி சீட். மகன் அதற்குள் அடங்காமல் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். புருஷனின் தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், கொடுக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறாள்.

"வாப்பா சொல்லி வெச்ச, அங்கிள். இத ஆருக்கும் குடுக்கிறன்டா முதல்ல செல்வத்துக்குக் காட்டோணும், அவர் வாணாம்டா குடுக்க வாணாம்டு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னோடு கோபமாகத்தானே இருந்தார் என்று கேட்டேன்.

"கோபமில்ல அங்கிள். அடுத்த நாள் காலையிலயே வாப்பா உங்கட கடைக்கு வந்த. கடை திறக்கல்ல. பக்கத்து தேத்தண்ணிக் கடையில கேட்டதுக்கு, எல்லாத்தையும் டிரக்டர்ல போட்டாச்சுன்டு சொல்லீக்கிறாங்க. அந்த பக்கிள மட்டும் கேட்டு எடுக்கத்தான் வந்த." கையிலிருந்த சீட்டை அவள் தரையில் வைத்தாள். "அது அன்டைக்கி நாவுலயில வெச்சு ரியாஸ் நானா பூட்டின பக்கிள். பெல்ட்ட வெட்டித்தானே புள்ளய எடுத்த. அதுக்குப் பிறகு ஆரும் அதக் கழட்டல்ல."

ரியாஸ் நானா என்றால் அவளுடைய அண்ணன். அவன் கடைசியாகத் தன் மகளுக்குச் செய்த வேலை அந்தப் பூட்டு. அதைத்தான் நான் ஒரு விரலால் அழுத்தித் திறந்தேன்.

நீங்கள் என்னிடம் கேட்கலாம், அப்படியென்றால் வெட்டியிருக்கக்கூடாதா என்று. இல்லை. இன்றைக்கு யாராவது அதே சீட்டைக் கொண்டுவந்தாலும் வெட்டுவேன், நீங்களும் வெட்டுங்கள். விபத்தில் பட்டதைத் தைக்காதீர்கள், முழுசாக வெளியே விடாதீர்கள். எங்கிருந்து வந்தது, என்ன பட்டது என்று தெரியாத பழைய சீட்டுக்கும் கை கொடுக்காதீர்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள், இதில் உங்களுக்கு எது வேண்டும் என்று. ஹாஜியாரிடம் கேட்டிருந்தால், பெல்ட்டின் அந்த இரண்டு துண்டோடு பக்கிளைப் பூட்டினபடியே அறுத்து அவர் கையில் கொடுத்திருப்பேன். அதனால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. பிள்ளையும் புது சீட்டில்தான் போயிருக்கும். கேட்க எனக்கு நேரம் இருந்தது. தோன்றவில்லை.

ரிஸ்வானா கொண்டுவந்த சீட்டை மேசையில் வைத்துச் சோதித்தேன். திகதி இன்னும் முடிந்திருக்கவில்லை. விபத்து எதுவும் படவில்லை என்று அவள் சொன்னாள். மேலுறையை நீக்கிப் பார்த்தேன், ஃபோம் நசுங்கவில்லை, எங்கும் கோடு இல்லை, பெல்ட்டில் மினுக்கம் இல்லை. கடைசியாகப் பார்க்கவேண்டியது பக்கிள் சரியாகத் திறந்து பூட்டுகிறதா என்று. அவள் அதைப் பூட்டித்தான் கொண்டுவந்திருந்தாள். எத்தனை பக்கிளைக் கழற்றிய கை இது. அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு மேலே போய் நின்றுவிட்டது.

"நீங்களே கழட்டுங்க மகள்" என்றேன்.

அவள் அழுத்தினாள். 'டக்' என்று விட்டது. பிறகு பூட்டினாள், மறுபடி திறந்தாள். சரியாகத்தான் வேலை செய்தது. கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.